நன்றியும் சுங்கத் தீர்வையும்

1

ஆபத்தில் ஒருவர் நமக்குக் கைகொடுத்தார். இன்னொருவர் நம்மை அடித்தவர். இருவரும் இப்போது நம் தெருவிலேயே கடை வைத்திருக்கிறார்கள். அடித்தவர் கடையில் சரக்கு நயம், விலை சகாயம், போதாததற்குக் கடனும் கொடுக்கிறார். கைகொடுத்தவர் கடையில் நமக்கு வேண்டிய சாமான் பாதி இல்லை. நாம் எங்கே வாங்குவது?

தனிமனிதனுக்கு இது பெரிய பிரச்னை இல்லை. கூச்சமோ கோபமோ வீட்டுப் பெரியவர்களின் வாயோ தீர்த்து வைத்துவிடும். நஷ்டம் வந்தாலும் அது அவனுடைய நஷ்டம். ஆனால் ஒரு தேசம், அதுவும் பிறந்து பத்துப் பதினைந்து வருஷமே ஆன தேசம், இதே கேள்வியைச் சந்திக்கும்போது கூச்சப்பட அதற்கு முகம் கிடையாது. துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது. சுங்க அதிகாரி தீர்வைப் பட்டியலைப் புரட்டுகிறான். அந்தப் பட்டியலில் நண்பனுக்கு ஒரு விகிதம், விரோதிக்கு ஒரு விகிதம் என்று இருக்கலாமா? நன்றி ஒரு சதவீதமாக மாற முடியுமா? மாறக்கூடாது என்றால், தேசம் என்பது நன்றியே இல்லாத ஒரு ஜந்துவாக இருந்துவிட்டுப் போகலாமா?

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆவது அதிகாரம். அதையடுத்து வருவது நடுவு நிலைமை. இந்த வரிசைக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார். உதவி செய்தவனை நினைக்கிற இடத்தில்தான் நடுவு நிலைமை சிதையக்கூடும். அங்கேயும் சிதையலாகாது என்பதற்காகவே அது நன்றிக்குப் பின்னால் வைக்கப்பட்டது என்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் வந்து நிற்பவன் நீதிபதியல்ல, அரசனுமல்ல, வாணிகன். நன்றியில் கிளம்பி, நடுவு நிலைமை வழியாக, வாணிகத்தில் வந்து முடியும் இந்தப் பாதை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. நன்றியும் நியாயமும் எப்போதும் ஒரே திசையில் போகிறவை அல்ல என்பதை அந்த வைப்பு முறை தெரிந்து வைத்திருக்கிறது.

இதை அரூபமாகப் பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. இந்தப் பிரச்னையைச் சந்தித்து, சந்தித்த விதத்தை எழுத்தில் வைத்துவிட்டுப் போன ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 1776க்கும் 1809க்கும் இடையே அமெரிக்காவை நடத்தியவர்கள் அவர்கள். நம் வட்டத்தில் அவர்களைத் தெரிந்தவர்களுக்கும் எஸ்ரா பவுண்ட் வழியாகத்தான் தெரியும். பவுண்ட் தன் காண்டோக்களில் பத்தை ஜான் ஆடம்ஸுக்குக் கொடுத்தார், ஜெபர்ஸனைக் கொண்டாடினார், ஹாமில்டனைத் திட்டினார். கவிஞர்களுக்கு இது இயல்பாக வருகிற பாகுபாடு. நிலமும் புத்தகமும் வைத்திருப்பவன் நல்லவன், வட்டிக் கணக்குப் பார்ப்பவன் கெட்டவன். வட்டியை வெறுக்க ஆரம்பித்த பவுண்ட் கடைசியில் ஓர் இனத்தையே வெறுப்பதில் போய் நின்றார். வர்த்தகத்தை அருவருப்போடு பார்ப்பது ஒரு தார்மீக நிலை அல்ல என்பதற்கு அவரே போதுமான சாட்சி.

2

1776 செப்டம்பர் 15 அன்று நியூயார்க் நகரம் பிரிட்டிஷ் படையின் கைக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்து, 17ஆம் தேதி, அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு மாதிரி உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதைத் தயாரித்தவர் ஜான் ஆடம்ஸ். தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் பிரான்ஸிடம் கேட்பதற்காக எழுதப்பட்ட அந்தத் தஸ்தாவேஜு ராணுவக் கூட்டைக் கேட்கவில்லை, வியாபாரத்தைக் கேட்டது. உங்கள் பிரஜைகள் எங்கள் துறைமுகத்தில் எங்கள் ஆட்கள் கட்டும் தீர்வையையே கட்டட்டும். எங்கள் ஆட்கள் உங்கள் துறைமுகத்தில் அப்படியே கட்டட்டும். யுத்தத்தில் சேராத நாட்டுக் கப்பலில் இருக்கும் சரக்கை, யுத்தம் செய்கிறவன் தொடக்கூடாது.

இதன் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. காலனிகளின் புகையிலை போன்ற சரக்குகள் பிரிட்டனுக்குத்தான் போக வேண்டும், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக் கப்பலில்தான் போக வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் சட்டம் இருந்தது. சுதந்திரம் வந்தால் அந்தப் பூட்டு உடையும். உடைந்தால் பிரான்ஸுக்கே லாபம். ஆகவே பிரான்ஸ் செய்யப்போவது உதவி அல்ல, கொள்முதல். கொள்முதலுக்கு யாரும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆடம்ஸ் தேடியது நன்றிக் கடன் படாமல் சுதந்திரம் பெறும் வழி. ஒரு புதிய தேசத்துக்கு இதைவிட மரியாதையான ஆசை இருக்க முடியாது.

அது நடக்கவில்லை. 1778 பிப்ரவரி 6 அன்று பாரிஸில் பிராங்க்ளினும் மற்ற இருவரும் இரண்டு உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். ஒன்று நட்பும் வர்த்தகமும் பற்றியது. மற்றது ராணுவக் கூட்டு. துப்பாக்கி வேண்டும் என்றால் உறவும் வேண்டும் என்பது எல்லாக் காலத்துக்கும் உள்ள வழக்கம். வர்த்தக உடன்படிக்கையிலும் ஆடம்ஸ் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. சொந்தப் பிரஜையைப் போல நடத்துவது என்பதற்குப் பதில், மிகவும் சலுகை பெற்ற நாட்டைப் போல நடத்துவது என்று வந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை. மூன்றாவது நாட்டுக்கு ஒரு சலுகையைச் சும்மா கொடுத்திருந்தால் உனக்கும் சும்மா. அதற்கு விலை வாங்கியிருந்தால் நீயும் அந்த விலையைக் கொடு. இந்த நிபந்தனையை அமெரிக்கா 1923 வரை தன் வழக்கமாக வைத்திருந்தது.

அந்த உடன்படிக்கையின் முகப்பில் சமத்துவமும் பரஸ்பரமும் சேர்ந்தே வருகின்றன. பரஸ்பரம் என்பதற்கு அங்கே அர்த்தம், யாரும் யாரையும் மிதிக்காத ஏற்பாடு. 2025 ஏப்ரலில் அதே நாட்டு ஜனாதிபதி, அதே வார்த்தையைத் தலைப்பாக வைத்து உலகம் முழுவதன் மீதும் தீர்வை அறிவித்தார். ஆகஸ்டில் இந்தியச் சரக்கு மீது அது 50 சதவீதத்தைத் தொட்டது. திருப்பூர்க்காரர்களுக்கு வார்த்தையின் புது அர்த்தத்தை அகராதி பார்க்காமலே தெரிந்துகொள்ள நேர்ந்தது. 247 வருஷத்தில் ஒரு சொல் கைகுலுக்கலிலிருந்து பதிலடிக்கு நகர்ந்துவிட்டது. வார்த்தைகளோடு புழங்குகிற நமக்கு இது அக்கறைக்குரிய விஷயமாக இருக்க வேண்டும்.

3

யுத்தம் முடிந்தது. 1783 ஜூலையில் பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடிவிட்டது. நீ அந்நியன் ஆகிவிட்டாய், அந்நியனுக்கு உள்ள சட்டம்தான் உனக்கும் என்றது. தர்க்கரீதியாக அதில் குற்றம் சொல்ல முடியாது. அதே வருஷம் ஷெபீல்ட் பிரபு எழுதிய புத்தகம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது: அமெரிக்கர்கள் எப்படியும் நம் சரக்கைத்தான் வாங்குவார்கள், பதிலுக்கு நம்மை ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அவர்கள் ஒரு தேசம் அல்ல, பதின்மூன்று ராஜ்யங்கள்.

அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. மத்தியக் காங்கிரஸுக்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த அதிகாரம் கிடையாது. ஒரு ராஜ்யம் பிரிட்டிஷ் கப்பல் மீது வரி போட்டால் பக்கத்து ராஜ்யம் வரியில்லாமல் வாசலைத் திறந்து வைத்தது. தங்களுக்குள்ளேயே தீர்வை வசூலித்துக்கொண்டார்கள். 1786 செப்டம்பரில் அன்னாபொலிஸில் கூடி வர்த்தகத்தைப் பற்றிப் பேசலாம் என்றால், ஐந்து ராஜ்யங்களிலிருந்து 12 பேர்தான் வந்தார்கள். அந்த 12 பேர் போட்ட தீர்மானத்திலிருந்துதான் மறுவருஷம் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சுதந்திரம், மனித உரிமை என்று எத்தனையோ இருக்கட்டும். உடனடிக் காரணங்களில் முக்கியமானது துறைமுகத் தீர்வை.

1789இல் புதிய காங்கிரஸ் கூடியதும் மாடிசன் தீர்வைப் பட்டியலைத்தான் முதலில் எடுத்தார். கப்பலின் கொள்ளளவு மீது வரி: அமெரிக்கக் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட், அந்நியக் கப்பலுக்கு 50 சென்ட். இதில் அவர் இன்னொரு பிரிவு கேட்டார். அந்நியர்களிலும் நம்மோடு வர்த்தக உடன்படிக்கை செய்தவர்களுக்கு ஒரு விகிதம், செய்யாதவர்களுக்கு அதிக விகிதம். பெயர் சொல்லாவிட்டாலும் செய்தவர் பிரான்ஸ், செய்யாதவர் பிரிட்டன் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரதிநிதி சபை ஒப்புக்கொண்டது, செனட் அடித்துவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, 1794 ஜனவரியில், ஜெபர்ஸனின் வர்த்தக அறிக்கையை ஒட்டி மாடிசன் இதையே மீண்டும் கொண்டுவந்தார்.

மாடிசனிடம் இரண்டு வாதங்கள் கலந்திருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று நியாயம்: நம்மைச் சமமாக நடத்துகிறவனையும் நடத்தாதவனையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். மற்றது பலம்: நாம் விற்பது அவர்களுக்கு அத்தியாவசியம், அவர்கள் விற்பது நமக்கு ஆடம்பரம், ஆகவே கதவைச் சாத்தினால் அவர்கள்தான் முதலில் பணிவார்கள். முதலாவது நெறி, இரண்டாவது கணிப்பு. ஒரு மனிதன் தன் நெறிக்குத் துணையாக ஒரு கணிப்பையும் வைத்துக்கொள்ளும்போது, கணிப்பு பொய்த்துவிட்டால் நெறியும் சேர்ந்து கெட்ட பெயர் வாங்குகிறது. அதுதான் பின்னால் நடந்தது.

ஹாமில்டன் எதிர்த்தார். இறக்குமதியில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வருகிறது. அரசாங்கத்தின் வருமானம் அநேகமாக முழுவதும் சுங்கம். அந்தச் சுங்கத்திலிருந்துதான் யுத்தக் கடனுக்கு வட்டி போகிறது. பிரிட்டனோடு வர்த்தகச் சண்டை என்றால் வட்டி நிற்கும். வட்டி நின்றால் இந்தத் தேசத்தின் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். இது வட்டிக்கடைக்காரன் பேச்சு என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கடன் பத்திரங்களைக் கொடுத்துத்தான் யுத்தத்தில் சிப்பாய்க்குச் சம்பளமும் விவசாயிக்குத் தானிய விலையும் தீர்க்கப்பட்டிருந்தன. பலர் அவற்றை வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள், லாபம் வாங்கியவனுக்குப் போயிற்று என்பது வேறு கதை. கொடுத்த வாக்கு யார் கையில் இருந்தாலும் வாக்குதான் என்றார் ஹாமில்டன்.

4

1793இல் பிரான்ஸும் பிரிட்டனும் யுத்தத்தில் இறங்கின. அமெரிக்கா ஒதுங்கி நிற்பதாக வாஷிங்டன் அறிவித்தார். பிரான்ஸ் அன்று வந்து காப்பாற்றவில்லையா, இது நன்றி கெட்டத்தனம் அல்லவா என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கு ஹாமில்டன் புனைபெயரில் எழுதிய பதில், நன்றியைப் பற்றி ஒரு ராஜ்ய நிர்வாகி எழுதியவற்றில் மிகவும் கூர்மையானது. சாரம் இதுதான். தனிமனிதன் தன் பொருளைத் தியாகம் செய்யலாம். அரசாங்கம் தர்மகர்த்தா, பிறர் பொருளை வைத்திருப்பது, தாராளம் காட்ட அதற்கு உரிமை இல்லை. மேலும் பிரான்ஸ் உதவியது நம் மீது பிரியத்தால் அல்ல. 1763இல் பிரிட்டனிடம் தோற்றதற்குப் பழிவாங்க. மேலும் உதவியவர் பதினாறாம் லூயி. அவர் தலையை வெட்டியவர்களுக்கு அந்த நன்றி எப்படிச் சேரும்?

மூன்றையும் நான் என் மேஜையில் வைத்துப் பார்க்கிறேன். பாங்க் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தர்மகர்த்தா வாதம் தினசரி அனுபவம். எதிரே நிற்பவரின் கஷ்டம் தெரியும். பெண்ணின் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் தெரியும். என் சட்டைப் பையிலிருந்து நான் கொடுக்கலாம். டிராயரில் இருக்கும் பணத்திலிருந்து கொடுத்தால் அது தயை அல்ல, கையாடல். ஆகவே ஹாமில்டனின் முதல் வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். பிறர் பணத்தில் தாராளமாக இருப்பது அறம் ஆகாது.

ஆனால் அந்த வாதம் அவர் நினைக்கும் தூரம் போகாது. தர்மகர்த்தாவுக்குத் தடுக்கப்பட்டது நன்கொடை. கடனைத் திருப்பிக் கொடுப்பது தடுக்கப்படவில்லை. அது அவன் கடமை. டெபாசிட்தாரர்களுக்கு லாபம் என்பதற்காகப் பாங்க் தன் கடனை ஏமாற்ற முடியாது. ஆகவே கேள்வி, பிரான்ஸுக்கு அமெரிக்கா பட்டது நன்கொடை வகையா கடன் வகையா என்பதுதான். இரண்டாவது வாதம் இங்கே உதவாது. பேரேட்டில் கடன் கொடுத்தவனின் நோக்கத்துக்குப் பத்தி கிடையாது. என் தகப்பனாரை எரிச்சல்படுத்துவதற்காக என் சித்தப்பா எனக்குக் கடன் கொடுத்தார் என்றால், அதற்காக அசல் குறையாது. மூன்றாவது வாதமும் அப்படியே. பாங்க் மேனேஜர் மாறினால் லோன் மாறாது. இதை அன்று தெளிவாகச் சொன்னவர் ஜெபர்ஸன்: உடன்படிக்கை தேசத்துக்கும் தேசத்துக்கும் இடையே ஏற்பட்டது, அரசாங்கங்களுக்கு இடையே அல்ல, ராஜா போனாலும் அது நிற்கும் என்று 1793 ஏப்ரலில் எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், நான்கு வருஷத்துக்கு முன் பாரிஸிலிருந்து மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமி உயிரோடு இருப்பவர்களுக்கு உரியது, ஒரு தலைமுறை அடுத்ததைக் கட்டுப்படுத்த முடியாது என்று வாதிட்டவரும் இதே ஜெபர்ஸன். மரண விகிதப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டு, 19 வருஷத்துக்கு மேல் எந்தக் கடனும் சட்டமும் செல்லாது என்று முடிவு கட்டினார். இரண்டு கூற்றும் ஒரே மண்டைக்குள் இருந்தன. இதை முரண்பாடு என்று சுட்டிக்காட்டி நகர்ந்துவிடுவது விமர்சனம் ஆகாது. தேசம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் இறந்தவர்களின் கையெழுத்து செல்ல வேண்டும். சுதந்திரம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் இறந்தவர்களின் கையெழுத்து ஒருநாள் காலாவதி ஆக வேண்டும். எந்த உடன்படிக்கையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எழுதப்பட்டாக வேண்டும்.

பிரான்ஸுக்குப் பட்ட பணக்கடன் 1795இல் உள்நாட்டுப் பத்திரங்களாக மாற்றப்பட்டுத் தீர்ந்தது. அது பேரேட்டில் இருந்தது, பேரேட்டில் முடிந்தது. மற்றது எந்தப் பேரேட்டிலும் இல்லை. அதைத் தீர்வை விகிதமாக மாற்றிக் கொடுத்திருந்தால், இரு தரப்புக்குமே அது அவமானமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நன்றிக்கு விகிதம் குறித்த நிமிஷத்தில் அது விலையாகிவிடுகிறது. விலை என்றால் பேரம் உண்டு. தேசங்கள் நன்றியாக இருக்கக்கூடிய ஒரே வழி கொடுத்த வார்த்தையை மீறாமல் இருப்பது. அதற்கு மேல் எதிர்பார்ப்பது காதல் கவிதை.

5

அந்த வார்த்தை மீறப்பட்டதா என்பது அடுத்த வருஷமே சோதனைக்கு வந்தது. 1793 நவம்பர் ஆணையின் கீழ் பிரிட்டிஷ் கடற்படை மேற்கிந்தியக் கடலில் அமெரிக்கக் கப்பல்களை நூற்றுக்கணக்கில் பிடித்தது. யுத்தம் வரும் போலிருந்தது. வாஷிங்டன் ஜான் ஜேயை லண்டனுக்கு அனுப்பினார். 1794 நவம்பர் 19 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மேற்கு எல்லைக் கோட்டைகளைப் பிரிட்டன் காலி செய்யும். அமெரிக்கா பிரிட்டிஷ் சரக்கின் மீது மற்றவர்களுக்கு இல்லாத தீர்வையைப் போடாது. மாடிசன் கூர்தீட்டி வைத்திருந்த ஆயுதத்தை ஜே மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார். கப்பலிலிருந்து ஆட்களைப் பிடித்துக் கடற்படையில் சேர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊருக்கு ஊர் ஜேயின் கொடும்பாவி எரிந்தது. செனட் 20க்கு 10 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்கைச் சரியாகத் தொட்டு, ஒப்புதல் கொடுத்தது. அமலுக்குப் பணம் ஒதுக்கப் பிரதிநிதி சபை 51க்கு 48 என்று வாக்களித்தது. பிரான்ஸ் இதைத் துரோகம் என்றது. 1798இல் கடலில் அறிவிக்காத யுத்தம் நடந்தது. அந்த ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸே 1778இன் உடன்படிக்கைகளை ரத்து செய்தது. துப்பாக்கியோடு வந்த உறவு 20 வருஷம் நிலைத்தது. ஜெபர்ஸனின் கணக்கு ஒரு வருஷம்தான் பிசகிற்று.

ஜேயின் உடன்படிக்கையில் இரண்டு ஷரத்துகள் என்னை விடாமல் தொந்தரவு செய்கின்றன.

12ஆவது ஷரத்து மேற்கிந்தியத் தீவுகளை 70 டன்னுக்கு மேற்படாத சிறு கப்பல்களுக்குத் திறந்தது. பதிலாகச் சர்க்கரை, காப்பி, கோகோ இவற்றோடு பருத்தியையும் அமெரிக்கா வெளியே ஏற்றுமதி செய்யாது என்றது. செனட் இந்த ஷரத்தை மட்டும் நிறுத்தி வைத்துத்தான் ஒப்புதல் கொடுத்தது. விட்னியின் பருத்தி அரைவை யந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது 1794 மார்ச்சில். ஜே கையெழுத்துப் போட்டது எட்டு மாதம் கழித்து. தன் தேசம் எதை விளைவிக்கப்போகிறது, எதனால் பணக்காரனாகப் போகிறது, எதனால் சீரழியப் போகிறது என்பது அதன் தூதருக்கே தெரியவில்லை. அவர் முட்டாள் அல்ல. அன்று அது யாருக்கும் தெரியாது. இளம் தேசம் போடும் ஒவ்வொரு வர்த்தகக் கையெழுத்தும் இப்படித்தான்: பிள்ளைக்கு என்ன வரும் என்று தெரியாமல் பிள்ளையின் தொழிலை அடகு வைப்பது.

13ஆவது ஷரத்து நமக்கு நெருங்கியது. கிழக்கிந்தியாவில் உள்ள பிரிட்டிஷ் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வந்து வாணிகம் செய்யலாம். அமெரிக்கர்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1784 கடைசியில் ஒரு கப்பல் புதுச்சேரியில் நங்கூரமிட்டிருக்கிறது. இப்போது சென்னையும் கல்கத்தாவும் உரிமையாயின. பிரிட்டிஷ் கப்பலுக்கு உள்ளதைவிட அதிகத் தீர்வை கிடையாது. அந்த உடன்படிக்கையில் அமெரிக்கர்களே மெச்சிய ஷரத்து இதுதான். தங்களுடையது அல்லாத கடற்கரையை ஒருவர் கொடுத்தார், இன்னொருவர் வாங்கிக்கொண்டார். நெசவாளியும் படகோட்டியும் அந்தக் கரையில் இருந்தார்கள். லண்டனில் அவர்கள் சார்பாக நாற்காலி இல்லை. சமத்துவம், பரஸ்பரம் என்று பேசிய ஒரு தேசம், தான் எதை எதிர்த்துப் பிறந்ததோ அதே ஏற்பாட்டின் பலனை வேறொருவர் துறைமுகத்தில் அனுபவிக்கக் கூச்சப்படவில்லை. நண்பனா விரோதியா என்று அவ்வளவு நேரம் சண்டை போட்டவர்களில் ஒருவருக்கும் இந்த மூன்றாவது ஆளின் ஞாபகம் வரவில்லை.

6

மேஜையில் இல்லாத ஆள் வெளியே மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் இருந்தான்.

1787 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் ஒரு பேரம் நடந்தது. கப்பல் வைத்திருந்த வடக்கு ராஜ்யங்கள், வர்த்தகச் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையால் இயற்றும் உரிமையைக் கேட்டன. அந்நியக் கப்பலைத் தடுத்தால் சரக்குக் கூலி ஏறும் என்று பயந்த தெற்கு, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் அடிமை இறக்குமதியில் கை வைக்கக்கூடாது என்றன. முடிவில் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று தெற்கு விட்டுக்கொடுத்தது. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடை செய்ய முடியாது என்று வடக்கு விட்டுக்கொடுத்தது. தலைக்கு 10 டாலருக்கு மேற்படாமல் தீர்வை விதிக்கலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள். மாடிசன் நியாயத்துக்காக ஏந்திய தீர்வைப் பட்டியல், அதை இயற்றும் சுலப அதிகாரம், இப்படித்தான் வாங்கப்பட்டது.

1789இல் அந்த முதல் தீர்வை விவாதத்தின்போதே, வர்ஜீனியாவின் பார்க்கர், அடிமைகள் மீது அந்த 10 டாலரைப் போடலாம் என்றார். மாடிசன் ஆதரித்தார். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன், மனிதர்களைச் சரக்குகளோடு ஒரே பட்டியலில் சேர்க்கத் தன் மனம் ஒப்பவில்லை என்றார். பிரேரணை வாபஸ் ஆயிற்று. ஒரு நல்ல மனிதனின் நல்ல கூச்சத்தின் பலனாக அடிமைகள் மத்தியத் தீர்வை இல்லாமல் வந்து இறங்கினார்கள். அறம் என்பது பட்டியலின் சுத்தம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். குறளின் வாணிகன் எதிராளியின் பொருளையும் தன் பொருளாக மதிக்க வேண்டியவன். மனிதனே பொருளாகக் கப்பலில் வரும்போது அந்த நடுவு நிலைமை எதற்கும் எதற்கும் நடுவில் நிற்கும்?

ஜே விஷயத்திலும் இதன் ஒரு இழை உண்டு. யுத்தத்தில் பிரிட்டிஷ் படை விடுதலை தருவதாகச் சொல்லி அழைத்துக்கொண்ட அடிமைகளை 1783இல் கூடவே கொண்டுபோய்விட்டது. சமாதான உடன்படிக்கைப்படி அவர்கள் திரும்ப ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். ஜே 1786இல் காங்கிரஸுக்கு எழுதிய அறிக்கையில், உடன்படிக்கை மீறப்பட்டது உண்மை, ஆனால் விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்த மனிதர்களைத் திரும்பப் பிடித்துக் கொடுப்பது அதைவிடக் கொடியது, பணமாக ஈடு கொடுக்கட்டும் என்றார். அவரே அடிமைகள் வைத்திருந்தவர்தான். லண்டனில் அந்த ஈட்டைக்கூட அவர் அழுத்திக் கேட்டு வாங்கவில்லை. தெற்கு அதை மன்னிக்கவே இல்லை. இரண்டு வாக்குகள் மோதும்போது எது பெரியது? தேசத்துக்குக் கொடுத்த வாக்கா, ஓடி வந்தவனுக்குக் கொடுத்த வாக்கா? ஜேயின் பேரத் திறமையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்டுக்கொள்ளவில்லை.

தேதி வைத்தால் போதும் என்றும் ஒரு கட்சி உண்டு. ஜேயின் உடன்படிக்கையில் வர்த்தக ஷரத்துகளுக்கு ஆயுள் 12 வருஷம்தான். இது நல்ல ஏற்பாடு. பருத்தியைத் தெரியாதவன் தன் அறியாமைக்கு ஒரு எல்லை கட்டிக்கொள்வது. 1807இல் அவை காலாவதியாயின. ஆனால் 1808க்கும் தேதி இருந்தது. தேதி வந்தது, சட்டம் வந்தது, ஜனவரி 1 அன்று இறக்குமதி சட்டவிரோதமாயிற்று. அடிமை முறை நிற்கவில்லை. அந்த 20 வருஷத்தில் பருத்தி வந்துவிட்டது. ஒப்பந்தத்துக்குத் தேதி போடலாம். அதன் நிழலில் வளர்ந்துவிட்ட லாபத்துக்குத் தேதி போட முடியாது.

ஜெபர்ஸன் மாடிசனின் கணிப்பைக் கடைசிவரை பரீட்சித்துப் பார்த்தார். 1807 டிசம்பர் 22 அன்று அமெரிக்கக் கப்பல்கள் எந்த அந்நியத் துறைமுகத்துக்கும் போகக்கூடாது என்று சட்டம். யுத்தம் வேண்டாம், வியாபாரமும் வேண்டாம், கை சுத்தமாக இருக்கும். ஏற்றுமதி 1807இல் 10 கோடியே 80 லட்சம் டாலர். 1808இல் 2 கோடியே 20 லட்சம். பிரிட்டன் பணியவில்லை. கப்பல்காரர்களும் துறைமுகக் கூலிகளும் பட்டினி கிடந்தார்கள். கடத்தலைப் பிடிக்க ஜெபர்ஸன், வாழ்நாளெல்லாம் தான் அஞ்சிய வகை அரசாங்கத்தைத் தானே நடத்தினார்: வாரண்ட் இல்லாத சோதனை, சந்தேகத்தின் பேரில் பறிமுதல், எல்லை ஏரியில் படை. 1809 மார்ச்சில் சட்டம் போயிற்று. வர்த்தகத்தை விட்டு விலகுவதும் ஒரு வர்த்தகச் சட்டம்தான், அதற்கும் யாரோ தீர்வை கட்டுகிறார்கள் என்பது அதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு, ஒரு இளம் தேசம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால் என்னிடம் சூத்திரம் இல்லை. ஆடம்ஸ் ஆசைப்பட்டதுபோல் எல்லோருக்கும் ஒரே பட்டியல் என்பது நல்ல ஆரம்பம். அதைக் காப்பாற்ற உள்ளே ஒற்றுமை வேண்டும், அந்த ஒற்றுமை எதைக் கொடுத்து வாங்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். ஹாமில்டனைப்போல் சொல் தவறாமல் இருக்க வேண்டும். யாருக்குக் கொடுத்த சொல் என்று ஜேயைப்போல் ஒருமுறையாவது தயங்கவும் வேண்டும். நன்றியைத் தீர்வையாக்க வேண்டாம். ஆனால் நன்றியைப் பற்றிய அந்தப் பெரிய விவாதம் எல்லாம், கைகொடுத்தவனும் அடித்தவனும் இருவரும் கடைக்காரர்கள் என்ற சௌகரியத்தில் நடந்த விவாதம். அந்த இரண்டு கடைகளிலும் சரக்காக இருந்தவர்களைக் கேட்டிருந்தால், வேறு ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள்.